அத்தியாயம் 7: கடலில் நடக்கும் கிறிஸ்தவ வரலாற்றுக் காதல் கதையை எழுதுவது எப்படி?

சபை ஆண்டு மலருக்கு ஒரு குறுநாவல் எழுதும் எண்ணம் உங்களுக்கு இருக்கலாம், அல்லது முழு நாவலே எழுதும் துணிவு வந்திருக்கலாம். இரண்டுக்கும் இந்த அத்தியாயத்தில் உள்ள வழி ஒன்றுதான். முடிக்கும்போது உங்கள் கையில் நான்கு பொருள்கள் இருக்க வேண்டும்: ஒரு பயண அட்டவணை, கப்பலின் ஒரு நாளைக் காட்டும் தாள், இரண்டு பாத்திரங்களின் விசுவாசக் கணக்கு, எழுதி முடித்த மூன்று காட்சிகள். மிச்சத்தை எழுதும்போதே கற்றுக்கொள்ளலாம்.

தொடங்குமுன் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். இவ்வகைக் கதைகளில் பெரும்பாலானவை தோற்பதற்குக் காரணம், காதல் ஒரு பக்கமும் ஜெபம் ஒரு பக்கமுமாக நடந்து, கடல் வெறும் திரைச்சீலையாகத் தொங்குவதுதான். காதலும் விசுவாசமும் ஒரே கேள்வியில் முட்ட வேண்டும். அந்தக் கேள்வியிலிருந்து இருவரும் எழுந்து போய்விடாதபடி கடல் அவர்களை அடைத்து வைக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இதற்காகவே.

படி 1: உண்மையில் நடந்த ஒரு பயணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

கற்பனையாக ஒரு கப்பலை மிதக்கவிட்டு எழுதத் தொடங்காதீர்கள். ஆவணங்கள் உள்ள ஒரு பயணத்தை எடுத்து, அதன் நிழலில் உங்கள் கதையை ஓட்டுங்கள். இந்த அத்தியாயம் முழுவதும் நான் பயன்படுத்தப்போவது 'கேரவன்' என்ற இரட்டைப் பாய்மரக் கப்பலின் பயணம். இவ்வகைக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான பயணத்தை நான் அறியேன்.

மிஷனெரியாகப் போகவிருந்த அடோனிராம் ஜட்சனும் ஆன் ஹேசல்டைனும் 1812 பிப்ரவரி 5 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மணம் செய்துகொண்டார்கள். மறுநாள் ஜட்சனுக்குச் சேலம் நகரில் குருப்பட்டம். இது நம் சேலம் அல்ல, அட்லாண்டிக் கரையில் உள்ள துறைமுகம். பிப்ரவரி 19 அன்று அங்கிருந்து கேரவன் புறப்பட்டது. கப்பல் தலைவர் அகஸ்டின் ஹெர்டு. உடன் சென்ற இன்னொரு தம்பதி சாமுவேல் நியூவெல், ஹாரியட் நியூவெல். அவர்களுக்கும் அதே மாதம்தான் திருமணம். ஆனுக்கு வயது 22, ஹாரியட்டுக்கு 18. ஜூன் 17 அன்று கப்பல் கல்கத்தாவை அடைந்தது. ஆக 119 நாட்கள், ஒரு சிறு கப்பலில், இரண்டு புதுமணத் தம்பதிகள்.

பின்கதையையும் அறிந்துகொள்ளுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களை இருக்கவிடவில்லை. நியூவெல் தம்பதி முதலில் மொரீஷியஸுக்குக் கிளம்பினார்கள். வழியில் கடலிலேயே பிறந்த பெண் குழந்தை சில நாட்களில் இறந்தது. 1812 நவம்பர் 30 அன்று, 19 வயதில், ஹாரியட்டும் மொரீஷியஸில் இறந்தார். ஜட்சன் தம்பதி அந்தத் தீவை அடைந்தபோது தோழி இல்லை. அங்கிருந்து 1813 ஜூன் தொடக்கத்தில் அவர்கள் வந்து இறங்கிய இடம் நம் சென்னை. ஜூன் 22 அன்று சென்னையில் ஜார்ஜியானா என்ற கப்பலேறி, ஜூலை 13 அன்று ரங்கூன் சேர்ந்தார்கள். அந்தக் கடைசிப் பயணத்தில் ஆனுக்குக் குழந்தை இறந்தே பிறந்தது.

இதில் ஒரு நாவலுக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. ஆயினும் ஜட்சன்களையே நாயகன் நாயகி ஆக்காதீர்கள். அவர்கள் வாழ்வு முழுவதும் பதிவாகியிருப்பதால் உங்கள் கற்பனைக்கு இடமில்லை. அதே மாதத்தில், அதே போன்ற கப்பலில், அதே வழியில் போகும் உங்கள் சொந்த இருவரை உருவாக்குங்கள். தேதிகளையும் காற்றையும் உணவையும் உண்மையிலிருந்து எடுங்கள். நெஞ்சை மட்டும் நீங்களே கொடுங்கள்.

குறிப்பு: ஹாரியட்டின் நாட்குறிப்பும் கடிதங்களும் 1814இலேயே அச்சில் வந்துவிட்டன. ஆனின் வாழ்க்கை வரலாறு 1829இல் வந்தது. இரண்டும் காப்புரிமைக் காலம் கடந்தவை, இணைய நூலகங்களில் இலவசமாகக் கிடைக்கும். நிகழ்ச்சிகளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். என்ன சாப்பிட்டார்கள், எதைக் கண்டு பயந்தார்கள், எந்த நாளில் ஒன்றுமே எழுதவில்லை என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: பயண அட்டவணை போடுங்கள்

ஒரு பெரிய தாளில் ஐந்து பத்திகள் வரையுங்கள்: தேதி, இடம், காற்றும் வானமும், கப்பலின் நிலை, கதையில் நடப்பது. கடைசிப் பத்தியைக் கடைசியாகத்தான் நிரப்ப வேண்டும். பலர் அதைத்தான் முதலில் எழுதுகிறார்கள். அதனால்தான் அவர்கள் கதையில் புயல் ஆசிரியருக்கு வேண்டிய நேரத்தில் வருகிறது.

சேலம்–கல்கத்தா வழியை இப்படிப் பிரிக்கலாம்:

1. பிப்ரவரி கடைசி, வட அட்லாண்டிக். கடுங்குளிர், உயர்ந்த அலை. பயணிகள் எல்லாருக்கும் வாந்தி. யாரும் யாரையும் காதலிக்கும் நிலையில் இல்லை. இந்தப் பகுதியை வேகமாகக் கடக்காதீர்கள். ஒருவரின் அழகற்ற நிலையை மற்றவர் முதலில் காண்பது இங்கேதான்.

2. வணிகக் காற்றுப் பகுதி. சீரான காற்று, இளஞ்சூடு. எல்லாரும் மேல்தளத்துக்கு வருகிறார்கள். புத்தகங்கள் வெளியே வருகின்றன.

3. நிலநடுக்கோட்டை ஒட்டிய அசைவற்ற கடல். பாய் தொங்கும், தார் உருகும், தண்ணீர் அளந்து கொடுக்கப்படும். சண்டை வருவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

4. தெற்கு அட்லாண்டிக், பிறகு நன்னம்பிக்கை முனைக்குத் தெற்கே பலத்த மேலைக்காற்று. ஏப்ரல், மே மாதங்கள் அங்கே குளிர்காலத்தின் வாசல். பெரிய புயலை வைக்க நியாயமான இடம் இது.

5. இந்தியப் பெருங்கடல் வழியே வடக்கு நோக்கி ஏறி, ஜூனில் வங்காள விரிகுடா. தென்மேற்குப் பருவக்காற்று, மழை. முடிவில் ஹூக்ளி ஆற்றின் மணல் திட்டுகள். வழிகாட்டி மாலுமி ஏறாமல் கப்பல் உள்ளே போகாது. கரை கண்ணுக்குத் தெரிந்தும் இறங்க முடியாத அந்த நாட்களை வீணாக்காதீர்கள்.

வேகக் கணக்குக்கு எளிய வழி: சராசரி 5 நாட் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 120 கடல் மைல். அசைவற்ற கடலில் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைக்காது.

வானத்தையும் அட்டவணையில் சேருங்கள். நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் துருவ நட்சத்திரம் தொடுவானத்தின் கீழே மறைந்துவிடும், தென்சிலுவை உயரும். நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். பிறந்ததிலிருந்து பார்த்துவந்த ஒரு நட்சத்திரம் ஓரிரவு இல்லாமல் போவதை, வீட்டை விட்டு வந்த ஒரு பெண் எப்படி எடுத்துக்கொள்வாள்? வங்காள விரிகுடாவில் அது திரும்பவும் எழும். அதற்குள் அவள் வேறொருத்தி ஆகியிருப்பாள். பக்கம் பக்கமாக மனப்போராட்டம் எழுதுவதைவிட இந்த ஒரு விவரம் வலுவாக வேலை செய்யும்.

கடிதங்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. கல்கத்தாவிலிருந்து மாசசூசெட்ஸுக்கு ஒரு கடிதம் போக நான்கைந்து மாதம், பதில் வர இன்னும் அவ்வளவு. ஆகவே உங்கள் பாத்திரங்கள் எடுக்கும் எந்த முடிவுக்கும் பெற்றோரின் சம்மதமோ சபையின் அனுமதியோ முன்கூட்டிக் கிடைக்காது. அமெரிக்கா பிரிட்டன் மீது போர் அறிவித்தது 1812 ஜூன் 18, கேரவன் கல்கத்தா சேர்ந்த மறுநாள். கப்பலில் வந்தவர்களுக்கு அது தெரியாது. உங்கள் பாத்திரங்களுக்கும் தெரியக்கூடாது.

படி 3: கப்பலின் ஒரு நாளை எழுதுங்கள்

கதை எழுதுமுன், எதுவுமே நடக்காத ஒரு சாதாரண நாளை இரண்டு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அதற்கு இந்த விவரங்கள் போதும்.

மாலுமிகள் இரண்டு அணி. நான்கு மணி நேரம் வேலை, நான்கு மணி நேரம் ஓய்வு. மாலை 4 முதல் 8 வரை உள்ள நேரம் மட்டும் இரண்டிரண்டு மணியாகப் பிரியும். இல்லாவிட்டால் ஒரே அணிக்குத் தினமும் நள்ளிரவு முறை வந்துவிடும். அரை மணிக்கு ஒருமுறை மணி அடிக்கும், ஒன்றில் தொடங்கி எட்டு வரை ஏறும். எட்டு அடித்தால் முறை மாறும். நண்பகலில் சூரியனின் உயரத்தை அளந்து கப்பல் எந்த அகலாங்கில் இருக்கிறது என்று கணிப்பார்கள். நெட்டாங்கைத் துல்லியமாகக் காட்டும் கடிகாரம் எல்லா வணிகக் கப்பலிலும் அன்று இல்லை. பெரும்பாலும் வேகம், திசை, கழிந்த நேரம் ஆகியவற்றைக் கொண்டு போட்ட கணக்குதான். உணவு உப்புக்கண்டமும் கல்லைப்போன்ற ரொட்டியும். கோழியும் பன்றியும் கப்பலிலேயே வளரும்.

இப்போது முக்கியமான கேள்வி: உங்கள் இருவரும் எங்கே பேசுவார்கள்?

பயணிகளின் அறைகளுக்கு நடுவே மெல்லிய பலகைத் தடுப்புதான். இருமினால் அடுத்த அறையில் கேட்கும். சுக்கான் பிடிப்பவனிடம் பேச்சுக் கொடுப்பது முறையல்ல. கப்பலின் முன்பகுதி மாலுமிகளுடையது, பெண்கள் அங்கே போவதில்லை. ஆகவே தனிமை என்பது நீங்கள் தேடிக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டிய பொருள். கேரவனில் பயணிகளுக்கு உடற்பயிற்சி இல்லாமல் உடல் கெடத் தொடங்கியதால் மேல்தளத்தில் கயிறு தாண்டிக் குதித்திருக்கிறார்கள். கண்டிப்பான பக்தி வளர்ப்பில் வந்த ஒரு பெண் மாலுமிகள் பார்க்கக் கயிறு தாண்டுவதை எண்ணிப் பாருங்கள். வெட்கம், சிரிப்பு, மூச்சிரைப்பு எல்லாம் ஒரே காட்சியில் கிடைக்கின்றன. பாசாங்கு இல்லாத முதல் சந்திப்புக்கு இது போதும்.

பயிற்சி: இருவரும் ஐந்து நிமிடம் பேசக்கூடிய மூன்று இடங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் யார் வந்து குறுக்கிடுவார் என்பதையும் எழுதுங்கள்.

குறிப்பு: நாயகிக்குக் கப்பலில் ஒரு வேலை கொடுங்கள். 1856இல் நெப்டியூன்ஸ் கார் என்ற கப்பலின் தலைவர் ஜோஷுவா பேட்டன் நோயில் விழுந்தபோது, 19 வயதான மனைவி மேரி, கருவுற்றிருந்த நிலையில், கப்பலை ஹார்ன் முனையைச் சுற்றி சான் பிரான்சிஸ்கோவுக்குச் செலுத்தினார். முந்தைய பயணத்தில் கணவரிடம் திசை கணிக்கக் கற்றிருந்ததே கை கொடுத்தது. உங்கள் நாயகி கப்பலையே செலுத்த வேண்டாம். நண்பகல் கணக்கைச் சரிபார்க்கட்டும், நோயாளிக்குக் கஞ்சி ஊட்டட்டும், எழுத்தறியாத ஒரு பையனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கட்டும். சும்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கடலைப் பார்ப்பவள் மீது வாசகருக்கு நெடுநேரம் பிடிப்பு இருக்காது.

படி 4: விசுவாசக் கணக்கு

இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுங்கள். இதைச் சரியாகச் செய்யாதவர் மற்ற படிகளைச் செய்து பயனில்லை.

கேரவனில் நடந்ததைப் பாருங்கள். ஜட்சனை அனுப்பிய சங்கம் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சபையைச் சேர்ந்தது. போகும் இடத்திலோ செராம்பூரில் வில்லியம் கேரியும் அவர் தோழர்களும் பாப்டிஸ்டுகள், விசுவாசித்தவர்களுக்கு மட்டும் முழுக்கு ஞானஸ்நானம் கொடுப்பவர்கள். அவர்களைச் சந்தித்தால் வாதாட வேண்டுமே என்று ஜட்சன் கப்பலில் உட்கார்ந்து கிரேக்க வேதத்தை ஆராயத் தொடங்கினார். ஆராய ஆராய, தான் பிடித்திருந்த பக்கம்தான் தவறோ என்ற ஐயம் வந்தது. ஆனுக்கு இது பெரும் அச்சம். நீங்கள் பாப்டிஸ்ட் ஆனாலும் நான் ஆகமாட்டேன் என்று கணவரிடம் உறுதியாகச் சொன்னார். கல்கத்தாவில் தாமும் வேதத்தை எடுத்துப் படித்து, அவருக்கு எதிராக வாதாடி, கடைசியில் தாமே அந்த முடிவுக்கு வந்தார். 1812 செப்டம்பர் 6 அன்று கேரியின் தோழர் வில்லியம் வார்டு கையால் இருவரும் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

இதில் இழந்தது என்ன? அனுப்பிய சங்கத்தின் பண உதவி, ஊரில் இருந்த நண்பர்களின் நம்பிக்கை, நியூவெல்களோடு ஒரே ஊழியமாக வாழும் கனவு. இவை எல்லாம் ஓர் அந்நிய நாட்டில், திரும்பப் போக வழியில்லாத நேரத்தில்.

மணமாகி இரண்டு மாதமே ஆன ஒரு பெண், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணவன் பக்கம் பக்கமாக வேறொரு மனிதனாக மாறுவதைப் பார்க்கிறாள். இறங்கிப் போக இடமில்லை, அம்மாவிடம் சொல்ல ஆளில்லை. தொடக்கத்தில் நான் சொன்ன 'ஒரே கேள்வி' இதுதான். அங்கே காதலையும் விசுவாசத்தையும் பிரித்துப் பார்க்கவே முடியாது.

உங்கள் கதைக்கு இப்படிச் செய்யுங்கள்:

1. அவன் எதை நம்புகிறான் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். 'கடவுளை நம்புகிறான்' என்பது வாக்கியமே அல்ல. 'தன் தம்பி செத்தது தன் பாவத்துக்கான தண்டனை என்று நம்புகிறான்' என்பது வாக்கியம்.

2. அவளுக்கும் அப்படியே ஒன்று. இரண்டும் ஒன்றோடொன்று உரச வேண்டும்.

3. இருவரும் சேர வேண்டுமானால் யார் எதை விட வேண்டும்? பணம், பெயர், சபை, வீடு, உறவு என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

4. விட்டது திரும்பக் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் அது விலை அல்ல. மீண்டும் 3ஆம் எண்ணுக்குப் போங்கள்.

5. இதைப் பயணத்தின் எந்தக் கட்டத்தில் யார் முதலில் வாய்விட்டுச் சொல்கிறார்? அட்டவணையின் கடைசிப் பத்தியை இப்போது நிரப்பலாம்.

ஒரு எச்சரிக்கை. புயலில் மண்டியிட்டவன் காலையில் புதிய மனிதனாக எழுவதாக எழுதும் ஆசை எல்லாருக்கும் வரும். 'அமேசிங் கிரேஸ்' எழுதிய ஜான் நியூட்டனின் வாழ்வைப் பாருங்கள். 1748 மார்ச்சில் வட அட்லாண்டிக் புயலில்தான் அவர் கடவுளை நோக்கிக் கூப்பிட்டார். ஆனால் அதற்குப் பிறகும் அடிமைகளை ஏற்றிச் செல்லும் கப்பல்களில் வேலை செய்தார், தலைவராகவும் இருந்தார். 1754இல்தான் கடலை விட்டார். அடிமை வணிகத்துக்கு எதிராக வெளிப்படையாக நூல் எழுதியது 1788இல், அந்தப் புயலுக்கு 40 ஆண்டு கழித்து. இளமை முதல் நேசித்த மேரியை மணந்தது 1750இல், தலைவராகப் போவதற்குச் சற்று முன்பு. மனைவிக்கு அன்பொழுகக் கடிதம் எழுதும் அதே மனிதன், தளத்தின் கீழே விலங்கிட்ட மனிதர்களைக் கொண்டுபோனான். மனமாற்றம் தொடங்கும் நாளும் அது முழுமையாகும் நாளும் எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்பதை இது காட்டுகிறது. உங்கள் நாயகனுக்கும் ஒரு மிச்சக் கடன் இருக்கட்டும்.

படி 5: புயலை வரிசையாக எழுதுங்கள்

நல்ல மாதிரி உங்கள் வேதாகமத்திலேயே இருக்கிறது. அப்போஸ்தலருடைய நடபடிகள் 27ஆம் அதிகாரத்தை ஒரு கடற்பயணக் குறிப்பாக மட்டும் படித்துப் பாருங்கள். முதலில் சரக்கை எறிகிறார்கள், பிறகு கப்பலின் தளவாடங்களை. ஆழம் 20 பாகம், கொஞ்ச தூரம் போனதும் 15 பாகம். பின்புறத்தில் நான்கு நங்கூரம். கப்பலில் 276 பேர். பவுல் ஜெபிக்கிறார், ஆறுதல் சொல்கிறார். புயலோ பதினான்காம் இரவிலும் நிற்கவில்லை, கப்பல் உடையவும் செய்கிறது. ஆட்கள் மட்டும் பிழைக்கிறார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, கரை ஏறுமுன் பவுல் எல்லாரையும் சாப்பிடச் சொல்கிறார். புயல் நடுவே ஒருவர் ரொட்டி பிட்டுக் கொடுக்கும் அந்த இடம் எந்தப் பிரசங்கத்தையும்விட வலியது.

1812ஆம் ஆண்டுக் கப்பலில் வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும்:

1. வானமும் அலையின் போக்கும் மாறுகின்றன. தலைவர் சாப்பாட்டை விட்டு மேலே போகிறார்.
2. மேல்பாய்களை இறக்கிச் சுருட்டுகிறார்கள், மற்றவற்றைக் குறுக்குகிறார்கள்.
3. கீழ்த்தள வாயில்களை மூடி இறுக்குகிறார்கள். பயணிகள் கீழே, இருட்டில்.
4. அடுப்பு அணைக்கப்படுகிறது. இனி சூடான உணவு இல்லை.
5. பிடித்து நடக்கத் தளத்தில் கயிறு கட்டுகிறார்கள்.
6. தண்ணீர் இறைக்கும் பம்பில் ஆள் மாற்றி ஆள்.

உங்கள் நாயகி மேல்தளத்தில் நின்று புயலைப் பார்க்க மாட்டாள். அவளுக்குக் கிடைப்பது ஒலி மட்டுமே. அதனால் புயலைக் காதால் எழுதுங்கள். 1736 ஜனவரி 25 அன்று ஜார்ஜியாவுக்குப் போன சிம்மண்ட்ஸ் கப்பலில் பெரிய பாய் கிழிந்து கடல் உள்ளே பாய்ந்தபோது, ஆங்கிலேயர்கள் அலறினார்கள், மொராவியச் சபையைச் சேர்ந்த ஜெர்மானியர் பாட்டை நிறுத்தவில்லை. அதே கப்பலில் இருந்த ஜான் வெஸ்லியை உலுக்கியது அந்தப் பாட்டு.

படி 6: நெருக்கத்தை எழுதுவது

பழக்கமான வடிவம் இது: 'புயல் சீறியது. அவள் பயந்து அவன் மார்பில் சாய்ந்தாள். கர்த்தர் நம்மைக் காப்பார் என்று அவன் சொன்னான்.'

இதையே இப்படி எழுதலாம்:

எட்டு மணி அடித்தாயிற்று. அவன் மேலே போக வேண்டியவன், ஏணியின் கடைசிப் படியில் நின்றான். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

'அம்மா, விளக்கை அணைத்துவிடுங்கள். தலைவர் உத்தரவு.'

'இருட்டில் எப்படி வாசிப்பேன்?'

'மனப்பாடமாகத் தெரிந்ததைச் சொல்லுங்கள். பம்ப் பக்கம் கேட்கும்.'

'உங்களுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்றீர்களே.'

'இன்னும் இல்லை' என்றான். 'ஆனாலும் நிறுத்திவிடாதீர்கள்.'

தொடவில்லை, நேசிக்கிறேன் என்று சொல்லவில்லை. ஆயினும் இனி அவள் நிறுத்த மாட்டாள். 1812இன் ஒழுக்க வரம்பை உங்களைக் கட்டும் கயிறாக நினைக்காதீர்கள். அது அழுத்தத்தைக் கூட்டித் தருகிறது.

தமிழில் எழுதுபவருக்கு இங்கே பெரிய வசதி ஒன்று உண்டு. 'அம்மா' என்ற மரியாதை விளி, பிறகு பெயர், பிறகு 'நீங்கள்' ஒருநாள் 'நீ' ஆவது. இந்த மாற்றத்தை அட்டவணையில் தேதியோடு குறித்து வையுங்கள். மூன்றாம் அத்தியாயத்திலேயே 'நீ' என்று விட்டால் முடிவில் கொடுக்க ஒன்றும் இருக்காது.

சென்னைக் கரை: நமக்கு வாய்த்த காட்சி

உங்கள் பாத்திரங்களும் 1813இல் மொரீஷியஸிலிருந்து சென்னைக்கு வருவதாக அமைத்தால், அந்த அத்தியாயத்தை அமெரிக்க எழுத்தாளரைவிட நீங்கள் நன்றாக எழுதலாம். அன்று சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல் தள்ளி நங்கூரமிடும். செய்தி கொண்டு வருபவர்கள் கட்டுமரத்தில் வருவார்கள். பயணிகள் இறங்குவது மசூலாப் படகில். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு, அலையில் மோதினாலும் வளைந்து கொடுக்கும். படகோட்டிகள் ஒரே குரலில் பாடிக்கொண்டு அலைக்காகக் காத்திருந்து தள்ளுவார்கள். அந்த ஓட்டிகளைக் கறுத்த கூட்டமாக எழுதாதீர்கள். அந்த நிமிடத்தில் வெள்ளைக்காரத் தம்பதியின் உயிர் அவர்கள் கையில் இருக்கிறது, கடலை அறிந்தவர்கள் அவர்களே. தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகி அப்போது ஏறக்குறைய நூறாண்டு. ஆகவே உங்கள் நாயகிதான் இங்கே முதன்முதலாக வேதத்தைக் கொண்டு வருகிறாள் என்று எழுதினால் அது பொய்.

வழக்கமான தவறுகள்

கப்பல் தலைவர் திருமணம் செய்து வைப்பது. சினிமாவில் வரும், ஆனால் வணிகக் கப்பல் தலைவருக்கு அப்படிப் பொதுவான சட்ட அதிகாரம் இருந்ததில்லை. கடலில் நிச்சயம் நடக்கட்டும், திருமணத்தைத் துறைமுகத்தில் ஒரு குருவானவர் முன்னால் வையுங்கள்.

'மணிக்கு 6 நாட்' என்று எழுதுவது. நாட் என்றாலே மணிக்கு ஒரு கடல் மைல். '6 நாட்' போதும்.

காலம் தப்பிய பாடல்கள். 1812இல் யாரும் 'சைலண்ட் நைட்' பாட முடியாது, அது 1818. நியூட்டனின் 'அமேசிங் கிரேஸ்' சொற்கள் அன்று உண்டு, இன்று நாம் பாடும் மெட்டோடு அவை சேர்ந்தது 1835இல். 'இட் இஸ் வெல்' 1873இல், கப்பல் விபத்தில் நான்கு மகள்களை இழந்த ஹொரேஷியோ ஸ்பாஃபோர்டு எழுதியது. தீக்குச்சியும் கூடாது, உரசும் தீக்குச்சி விற்பனைக்கு வந்தது 1827இல்.

சபை மொழிக் குழப்பம். கத்தோலிக்கப் பாத்திரம் 'செபம், திருமுழுக்கு' என்ற வழக்கிலும், சீர்திருத்தச் சபைப் பாத்திரம் 'ஜெபம், ஞானஸ்நானம்' என்ற வழக்கிலும் பேசட்டும். ஒரே வாயில் இரண்டும் வந்தால் தேவாலயம் போகும் வாசகர் உடனே விலகிவிடுவார்.

எல்லா மாலுமியும் முரடன், எல்லா மிஷனெரியும் புனிதர் என்று எழுதுவது. இதற்கு விளக்கம் வேண்டாம்.

பாதுகாப்பு

உண்மையான மிஷனெரிகளும் கப்பல் தலைவர்களும் உங்கள் கதையில் ஓரமாக வந்து போகலாம். ஆனால் அவர்கள் செய்யாத காதலையோ குற்றத்தையோ அவர்கள் மேல் ஏற்றாதீர்கள். முன்னுரையில் எது வரலாறு, எது கற்பனை என்று நான்கு வரி எழுதிவிடுங்கள்.

பிரசவ மரணம், குழந்தை மரணம் பற்றி எழுதும்போது அதைக் கடவுளின் திட்டம் என்று கதைசொல்லியின் குரலில் விளக்காதீர்கள். பாத்திரங்கள் அப்படிச் சொல்லலாம், சொல்லத் தடுமாறலாம். உங்கள் வாசகர்களில் குழந்தையை இழந்தவர் இருப்பார்.

அடிமைக் கப்பலைக் கதைக்குள் கொண்டு வந்தால், அடைபட்டவர்களில் ஒருவருக்காவது பெயரும் சொல்லும் விருப்பமும் கொடுங்கள். நாயகன் திருந்துவதற்கான கருவியாக மட்டும் அவர்களைப் பயன்படுத்துவது அநியாயம்.

கடல் அனுபவத்துக்காக நேரில் போகிறவர்களுக்கு: பதிவு பெற்ற படகில், அனுபவமுள்ள ஓட்டியோடு, உயிர்காப்பு உடை அணிந்து மட்டும் போங்கள். வானிலை மைய எச்சரிக்கை இருந்தால் போகாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கடலில் விசைப்படகு மீன்பிடிக்குத் தடை. அந்நாட்களில் பழைய பெரியவர்கள் கரையில் ஓய்வாக இருப்பார்கள், உட்கார்ந்து கேட்க நல்ல நேரம். அணியம், பாய், சுக்கான், சோழகக் காற்று என்று அவர்கள் வாயில் வருவதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். துறைமுக எல்லைக்குள் அனுமதி இல்லாமல் படம் எடுக்காதீர்கள்.

எழுதும் வரிசை

முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்க வேண்டாம். இந்த வரிசையில் போங்கள்:

1. அசைவற்ற கடலில் நடக்கும் சண்டை. படி 4இன் கேள்வி வெளியே வரும் காட்சி. இது வரவில்லை என்றால் கதை இன்னும் பழுக்கவில்லை, விசுவாசக் கணக்குக்குத் திரும்புங்கள்.
2. புயலுக்கு மறுநாள் காலை. புயலை அல்ல. நனைந்த போர்வை, அணைந்த அடுப்பு, யார் யாரைத் தேடுகிறார் என்பது.
3. கரை தெரிந்தும் இறங்க முடியாத நாள். முடிவைச் சொல்லும் காட்சி.
4. இப்போது புறப்பாடு. இந்த இருவரும் என்ன ஆகப்போகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும், ஆகவே கைவிடப்படும் வீட்டைச் சுருக்கமாக எழுத முடியும்.
5. மிச்சத்தை அட்டவணைப்படி நிரப்புங்கள். புயல் கடைசியில்.

முதல் வரைவு முடிந்ததும் சிவப்புப் பேனாவால் ஜெபம் வரும் இடங்களைச் சுற்றுங்கள், நீலத்தால் இருவரும் நெருங்கும் இடங்களை. இரண்டு நிறமும் ஒரே பக்கத்தில் எங்கும் சேரவில்லை என்றால், ஒரு ஜெபக் காட்சியை நீக்கி அதன் பாரத்தை ஒரு உரையாடலுக்குள் மாற்றி எழுதுங்கள். பிறகு இரண்டு பேரிடம் படிக்கக் கொடுங்கள்: ஒருவர் கடலில் வேலை பார்த்தவர், மற்றவர் உங்கள் சபையைச் சேராத கிறிஸ்தவர். முதலாமவர் கப்பலில் பிழை கண்டால் உடனே திருத்துங்கள். இரண்டாமவர் தன் சபைப் பாத்திரம் தோற்பதற்காகவே படைக்கப்பட்டது போலிருக்கிறது என்று சொன்னால், அந்தப் பாத்திரத்தின் பக்கத்தில் நின்று அதன் வாதத்தை உங்களால் முடிந்த அளவு வலுவாக மீண்டும் எழுதுங்கள்.